கொடிவேரிக்கு மேலே ஒரு ஸ்பூன்

கொடிவேரிக்குப் போகிறவர்கள் அணையில் குளித்து, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் இந்த அணைக்கட்டுக்கு மேலே பவானி வேகம் தணிந்து, கரையோரம் கோரையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கிறது. பரிசலில் வலை விடுகிறவர்களுக்கு நடு ஆறு. தூண்டில்காரர்களுக்கு இந்த ஓரம். விரால் மூச்சுக்காகத் தண்ணீருக்கு மேலே வாய் வைக்கும் இடமும் இதுதான்.

என்னைக் கூட்டிப்போனவர் கோவை பீளமேட்டில் மோட்டார் பம்ப் பட்டறையொன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் இரையைத் தானே செய்துகொள்கிறார். சாப்பாட்டு ஸ்பூனின் காம்பை அறுத்து எறிந்துவிட்டு, மிஞ்சிய குழிவின் இரு முனையிலும் துளை போடுகிறார். ஒன்றில் தூண்டில் நரம்பு கட்ட வளையம், மற்றதில் முள். கடையில் விற்கும் ஸ்பூன் இரையில் கொத்தாக மூன்று முள் இருக்கும். இவர் ஒற்றை முள்தான் மாட்டுகிறார். விரால் பதுங்குவது செடிக்குள். மூன்று முள் போட்டால் மீனுக்கு முன்னால் செடிதான் மாட்டும்.

"வளைவுதானுங்க தம்பி எல்லாம்" என்று தகட்டைக் கட்டைமேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். வளைவு குறைந்தால் ஸ்பூன் இழுத்த இழுப்புக்கு நேராக வந்துவிடும். கூடினால் பம்பரமாய்ச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். இடமும் வலமும் தள்ளாடி வர வேண்டும். அடிபட்ட கெண்டையின் நீச்சல் அது. அந்த ஆட்டத்தின் அதிர்வை மீன் தன் விலாவில் ஓடும் உணர்கோட்டால் அறியும். அதனால் கலங்கல் தண்ணீரிலும் ஸ்பூன் எடுபடுகிறது. வட அமெரிக்காவில் கரையில் நின்று சால்மன் பிடிக்கிறவர்கள் வீசுவதும் இதே வகைத் தகடுதான்.

நம் ஆறுகளிலும் தூண்டில் வேட்டை பழையது. சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் வெளியிட்ட 'தி ராட் இன் இந்தியா' மஹசீர் பிடிப்பதை விரிவாகப் பேசுகிறது. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹசீர் 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. பவானிசாகரில் வந்து சேரும் மோயாறு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. அந்த மீனை விட்டுவிட வேண்டியதுதான். இங்கே தேடுவது விரால், வாளை.

வீசுவதை மணிக்கட்டு சீக்கிரம் பழகிக்கொள்கிறது. இழுப்புதான் பிடிபட நாளாகிறது. "ரீலை ஒரே ஓட்டமா ஓட்டாதீங்க. கொஞ்சம் நிறுத்துங்க, அப்பறம் இழுங்க." நிறுத்தியதும் ஸ்பூன் மினுமினுத்தபடி சரிந்து இறங்கும், கடி பெரும்பாலும் அந்தச் சரிவில்தான் விழும். நரம்பு தொய்ந்தால் கடித்தது தெரியாது. அதற்காகவே அவர் ஆள்காட்டி விரலை நரம்பின்மேல் வைத்தபடி, கோலின் நுனியைத் தாழ்த்திக்கொண்டே போகிறார்.

கோரை ஓரம் ஓரிடத்தில் தண்ணீர் செக்கச்செவேலென்று குமிழியிட்டது. விரால் குஞ்சுக் கூட்டம். அவர் மளமளவென்று நரம்பைச் சுருட்டினார்.

"இப்பப் போட்டா கட்டாயம் கடிக்குமுங்க. பசியில கடிக்கறதில்லீங்க, குஞ்சுக்குக் காவலா நிக்குது."

தாயும் தகப்பனும் போய்விட்டால் அந்தக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரையாகும். காவல் நிற்கும் விராலுக்கு வளைவும் வேண்டாம், இழுப்பும் வேண்டாம். எந்தத் தகரத்தின்மேலும் பாயும். பட்டறையில் அவர் தட்டித் தட்டிச் சரிசெய்ததற்கெல்லாம் அங்கே வேலையே இல்லை. கொஞ்ச தூரம் தள்ளிப் போய் வீசினோம். அரைக் கிலோ தேறும் ஒரு விரால் கிடைத்தது. குழம்புக்கு அது போதும் என்றார்.