அட்டனிலிருந்து மீனம்பாக்கம் வரை

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் ஆகாய வழியாக ஏறத்தாழ 645 கிலோமீற்றர் தூரம். பிரயாண நேரம் ஒன்றேகால் மணி. திருச்சி இன்னும் சமீபம்; 420 கிலோமீற்றர்தான், ஒரு மணியில் போய் இறங்கலாம். ஆயினும் மலைநாட்டு வாசிகளாகிய நமக்கு இவை பாதிக் கணக்குகளே. விமானத்தில் ஏறுமுன் மலையை விட்டு இறங்க வேண்டுமல்லவா?

2023ஆம் ஆண்டு ஏப்ரல் விடுமுறையில் சென்னைக்குப் புறப்பட்ட நாம், காலையில் நானுஓயாவில் கோச்சி ஏறினோம். (தோட்டத்து மக்கள் புகையிரதத்தைக் கோச்சி என்பர், நமக்கும் அச்சொல்லே இனிக்கிறது.) 1885இல் திறக்கப்பெற்ற அந்நிலையம் கடல் மட்டத்திலிருந்து 5,291 அடி உயரத்தில் உள்ளது. தலவாக்கலைக்கு அப்பால் சென் கிளயர் நீர்வீழ்ச்சி, பின்னர் கொட்டகலை, சிங்கமலைச் சுரங்கத்தின் இருள். இருள் விலகியதும் அட்டன்.

அட்டனில் மூதாட்டியொருவர் பேரனுடன் ஏறி நமக்கெதிரே அமர்ந்தார். மடியில் ஒரு துணிப்பை. அவர்களும் நாம் செல்லும் விமானத்திலேயே செல்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. கோத்தகிரியிலுள்ள தமக்கையைக் காணப் போகிறாராம். பையில் இருந்தது தேயிலைத் தூள்.

"கோத்தகிரியிலும் தேயிலைதானே, அம்மா?" என்றோம்.

"இருந்தா என்னங்க ஐயா, இது நம்ம மலைத் தூளு" என்றார்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அப்பங்கீட்டில் தமக்கை குடும்பம் அக்கரைக்கு. இவர் குடும்பம் இக்கரைக்கு. 1972இல் இதே அட்டன் மேடையில் தமக்கையைக் கோச்சியேற்றியதாகச் சொன்னார். தலைமன்னாருக்குக் கோச்சி, இராமேசுவரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம். கோச்சி நகர்ந்தபோது மேடை முழுவதும் ஒப்பாரி எழுந்ததாம். சிறிது நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார். நாமும் மேலே கேட்கவில்லை.

அந்நாளிலும் விமானம் இல்லாமலில்லை. எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10ஆம் தேதியே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றுவிட்டது. கொழுந்து பறிப்பவருக்கு அதனால் ஆனதென்ன? அட்டனுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் பிற்காலத்தில் மிதவை விமானங்கள் வந்திறங்கியதுண்டு. கட்டுநாயக்காவிலிருந்து அரைமணிப் பொழுதுதான்; உல்லாசப் பிரயாணிகளுக்கு.

நமக்கோ, நானுஓயாவிலிருந்து கொழும்புக் கோட்டை வந்துசேர ஆறு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பின்னர் பஸ், சோதனைகள், காத்திருத்தல். விமானம் புறப்படுகையில் நள்ளிரவு கடந்துவிட்டது. மூதாட்டி பையைக் காலடியில் வைக்கவும் இசையாது, பணிப்பெண் இருமுறை வேண்டிய பின்னரே பேரனிடம் கொடுத்தார்.

சிற்றுண்டித் தட்டுகளை எடுத்துச் சென்று அதிக நேரமாகவில்லை. கீழே விளக்குகள் தெரியலாயின.

"என்னங்க ஐயா, எறங்கப் போகுதா?"

"ஆம் அம்மா, சென்னை வந்துவிட்டது."

நம் கைக்கடிகாரத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இம்புட்டுக் கிட்டவா இருந்துச்சு?"

நமக்கு விடை சொல்லத் தோன்றவில்லை. விமானம் நின்றதும், வார்ப்பட்டையை அவிழ்க்கத் தெரியாது தடுமாறிய அவருக்கு உதவினோம். அவர் எழுந்து முதலில் பேரனிடமிருந்து தூள் பையை வாங்கிக்கொண்டார். மேட்டுப்பாளையத்துக்கு இன்னும் ஓரிரவு இரயிற் பிரயாணம் இருந்தது.