மூன்றேகால் அடி

பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபாத்தில் பட்டு நெய்து பிழைக்கும் கைம்பெண் ஒருவரை நாம் அறிவோம். அவருடைய மகளும் அத்தொழிலையே கற்றவள். காஞ்சிபுரத்து முதலாளியிடம் பாவும் ஊடையும் பெற்று வந்து, நெய்து கொடுத்துக் கூலி வாங்கும் குடும்பம். வீட்டினுள் ஒரு தறிக்கே இடமுண்டு. கணவர் விட்டுச் சென்ற, 14 அடி அகலமும் 52 அடி நீளமும் கொண்ட பக்கத்து மனையில் இரு தறிகளுக்குக் கூடம் ஒன்று எழுப்பலாமா என நம்மிடம் யோசனை கேட்டனர். “அனுமதிக்கு அலையணுமே, சாமி?” என்று அந்த அம்மாள் தயங்கியபோது, “முதலில் கட்டுங்கள், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று துணிவூட்டியவர் வேறெவருமல்லர், நாமே.

சுவர் ஆளுயரம் கடந்த வேளையில் அறிவிப்பு வந்தது. அனுமதி பெறவில்லை, பக்க இடைவெளியும் விடவில்லை. ஆகவே, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி கட்டடத்தை அகற்ற வேண்டும். அன்றேல், குறித்த காலத்துக்குள் விண்ணப்பித்து, அதை வைத்துக்கொள்ள அனுமதி கோரலாம்.

விதிவிலக்குப் பெற்றுவிடலாம் என்று நாம் நம்பினோம். அச்சட்டத்தின் 113ஆம் பிரிவு, விதிகளிலிருந்து ஒரு கட்டடத்துக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. ஆனால், அது கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும் சலுகையன்று. அப்பிரிவின்கீழ் வழங்கப்பட்ட ஆணைகளில் 60க்கும் மேற்பட்டவற்றை, தக்க காரணமின்றி அளிக்கப்பட்டவை என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது; பிரிவு மட்டும் நிலைத்தது. 28.2.1999க்கு முன்னும், பின்னர் வந்த திருத்தத்தின்படி 1.7.2007க்கு முன்னும் எழுந்த கட்டடங்களைக் கட்டணம் பெற்று ஒழுங்குபடுத்தவும் சட்டம் இடமளித்ததுண்டு. நேற்று எழுந்த சுவருக்கு அவற்றால் பயனென்ன?

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரம் 1916இல் மண்டல விதிகளை வகுத்தபோது, மேல்முறையீட்டுக் குழுவொன்றையும் உடன் அமைத்தது. அந்நாட்டில் இத்தகைய குழுக்களின் முன் விண்ணப்பம் வரும்போது, அண்டை வீட்டாரும் பொது அவையில் எழுந்து பேசலாம். குழுவினர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி: இடர்ப்பாடு நிலத்தின் அமைப்பால் வந்ததா, அன்றி விண்ணப்பதாரர் தாமே வருவித்துக்கொண்டதா? இக்கேள்வியைப் படித்தபோது நமக்குச் சற்றே வியர்த்தது.

எனினும் விண்ணப்பம் எழுதினோம். நான்கு பக்கம். விதவையின் துயர், கூலியின் குறைவு, மகளின் திருமணம் யாவும் அதில் இருந்தன. உரிமம் பெற்ற வரைபடக்காரர் ஒருவர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “இதில் ஓர் அளவுகூட இல்லையே, ஃபாதர்” என்றார். (குருமடத்தில் மறையுரைக் கலை பயிற்றுவித்தனர், அளவு நாடாவைப் பிடிக்கப் பயிற்றுவித்தாரில்லை.) அவரே கணக்கிட்டார். 14 அடியில் ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடி, இடைவெளிக்குப் போகும். இரு சுவர்களுக்கு ஒன்றரை அடி. மிஞ்சுவது ஒன்பதேகால் அடி. ஆறடித் தறிகள் இரண்டை அருகருகே போட இயலாது. “இதை எழுதுங்கள். பக்கத்து வீட்டாரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் இருந்தால் நல்லது.”

அக்கடிதம் கேட்டு, முற்பகல் பதினோரு மணியளவில் பக்கத்து வீட்டுக்குச் சென்றோம். அவர் எழுபது வயதைக் கடந்த பெருமாள் பக்தர், அவரும் நெசவாளரே. குழித்தறியில் அமர்ந்து, சேலையின் உடலும் கரையும் கூடும் கோர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் மின்விளக்கு எரிந்தது. வெளியே சித்திரை வெயில்! அவருக்கு இடப்புறத்தில் சன்னல் இருந்தது. அதன் வழியே தெரிந்தது நம்முடைய செங்கல் சுவர்.

வந்த காரியத்தைச் சொன்னோம். “சாமி நீங்களே வந்து கேட்டா இல்லேன்னா சொல்லப் போறேன்? அந்தப் பொண்ணும் பொழைக்கணும். பேனாவைக் கொடுங்க” என்று கையை நீட்டினார்.

பேனா நம் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. மூன்றேகால் அடி என்பது காகிதத்தில் ஓர் எண்ணாயிருந்தது. அங்கே அது ஒரு முதியவரின் கண் வெளிச்சம். அவர் கையெழுத்திட்டிருப்பின் அது இசைவாகாது. நமது வெள்ளை அங்கிக்குச் செய்த மரியாதையாகவே இருந்திருக்கும். மோர் கொடுத்தார், பருகிவிட்டு வந்தோம்.

மறுநாள் வரைபடக்காரரிடம், தறிகளை அருகருகே போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாலென்ன என்று கேட்டோம். 52 அடி நீளத்தில் தாராளமாக இடமிருந்தது. இதை முதலிலேயே எவரும் எண்ணாமற்போனதற்குக் காரணம், அளந்து பாராமலே நாம் துணிவூட்டியதுதான். அந்த அம்மாளிடம் சென்று, நம் பேச்சால் எழுந்த சுவரை இடிக்க வேண்டுமென்று சொல்வது எளிதாயிருக்கவில்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “செங்கல்லைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்க, சாமி. உடைஞ்சிடப் போகுது” என்றார்.

கட்டிய கூலியும் இடித்த கூலியும் நம் பொறுப்பாயின. விதிவிலக்கு விண்ணப்பத்தைக் கைவிட்டு, இடைவெளியுடன் கூடிய வரைபடத்தை வைத்து முறையான அனுமதிக்கு விண்ணப்பித்தோம். சில மாதங்களில் அனுமதி வந்தது, கூடமும் எழுந்தது. பின்தறிக்கு வெளிச்சம் போதாதென்று கூரையில் இரு கண்ணாடி ஓடுகள் பதித்திருக்கிறார்கள். அங்கே நெய்பவள் மகள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்த வெளிச்சமும் போதவில்லை என்று சென்ற ஞாயிறன்று நம்மிடம் முறையிட்டாள். மூன்றாவது ஓடு ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம்.