கொடுத்தோமா, எடுத்தோமா?

கல்வியைக் கொடுப்பவன் எதனையும் இழப்பதில்லை. கொள்பவனோ பெருஞ்செல்வம் பெறுகிறான் என்று பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நாம். ஆகையால், பாடஞ் சொல்லுகிற ஒருவன் அப்பாடத்தைக் கொண்டே பிறர்க்குத் தீங்கிழைக்கக் கூடும் என்னும் எண்ணம் நமக்கு ஒருநாளும் உண்டானதில்லை. அதனை உண்டாக்கியவள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. அவ்வரலாற்றை நேயர்களிடம் ஒளியாது கூறிவிடுதல் கடமையெனக் கருதி இதனை எழுதலானோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. தமிழ்ப்பள்ளியொன்றில் கணக்குப் பாடம் நடத்தி வந்த நாம், பட்டணத்து வீட்டின் ஒரு மூலையில் வெண்பலகையை மாட்டிக் கைப்பேசி வாயிலாக வகுப்பு நடத்தத் தொடங்கினோம். வகுப்புக்கு வர இயலாத பிள்ளைகளும் பின்னர்ப் பார்த்துப் பயன்பெறும் பொருட்டு அவ்வகுப்புகளைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றினோம். நோக்கம் நல்லதே, அதிலே ஐயமில்லை.

ஒருநாள் பின்னப் பாடம். தோட்டத்திலிருந்து தன் அன்னையின் கைப்பேசியில் கலந்துகொண்ட நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியை நோக்கி, "மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?" என்று வினவினோம். "நான்கில் ஒன்றுதான் ஐயா, மூன்றைவிட நான்கு பெரிதல்லவா?" என்றாள். பின்னம் பயிலத் தொடங்கும் பிள்ளைகளிடம் எங்கும் காணப்படும் பிழை இது. நாம் சற்றே நகைத்துவிட்டு, ஒரு தோசையை மூவருக்குப் பங்கிட்டால் எவ்வளவு, நால்வருக்குப் பங்கிட்டால் எவ்வளவு என்று வரைந்து காட்டினோம். அவளும் தெளிந்தாள். பிழையும் திருத்தமும் ஒருங்கே அமைந்த பாடமாயிற்றே என்று மகிழ்ந்து, அன்று மாலையே அதனை யூடியூபில் ஏற்றினோம். ஒருவரையும் கேட்கவில்லை; கேட்கவேண்டுமென்று தோன்றவுமில்லை. ஆசிரிய நண்பர் பலர் பாராட்டினர்.

அப்படத்தில் இருந்தவை யாவை? அச்சிறுமியின் முகம், அவளுக்குப் பின்னே லயத்து வீட்டின் ஒற்றை அறை, கொடியில் உலரும் துணிகள், சேலைத் தொட்டிலில் உறங்கும் குழந்தை, பால்மரம் வெட்டிவிட்டு வந்து மேற்சட்டையின்றி அமர்ந்திருந்த தந்தை. நாம் பாடத்தை மட்டுமே பார்த்தோம். உலகம் மற்றவற்றையும் பார்த்தது. யாரோ ஒருவர் அவள் விடையையும் நம் நகைப்பையும் மட்டும் நறுக்கியெடுத்து, திருத்தத்தை விட்டுவிட்டு, புலனக் குழுக்களில் உலவவிட்டார். "தோட்டத்துக் கணக்கு" என்று அதற்குப் பெயரும் சூட்டினர். சூட்டியவர் பிறரல்லர், நம் தமிழரே. அவர்களுக்கு முன்னரே நகைத்தவர் நாம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இரண்டு திங்கள் கழித்து அவள் அன்னை நம்மை அழைத்துப் பேசினார். சினந்து பேசியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஐயா, தவறாக நினைக்கவேண்டாம். பிள்ளை இப்போதெல்லாம் வகுப்பில் வாய் திறப்பதில்லை. அந்தப் படத்தை எடுத்துவிட முடியுமா?" என்று தாமே குற்றம் செய்தவர் போலக் கேட்டார். அந்நாழிகையே எடுத்துவிட்டோம். ஆயினும் என்ன? நம்மிடம் இருந்த ஒரு படியை எடுத்தோமேயன்றி, ஊரார் கைப்பேசிகளில் குடிபுகுந்த படிகளைத் திரும்ப அழைக்க நம்மால் ஆகவில்லை.

"முன்னதாகவே பெற்றோரின் இசைவைப் பெற்றிருக்கலாமே" என்றார் நண்பரொருவர். நாமும் முதலில் அங்ஙனமே எண்ணினோம். பின்னர் ஆழ்ந்து பார்க்குங்கால் அது போதாதெனக் கண்டோம். பெரியவர் நீட்டிய தாளிலெல்லாம் கையொப்பமிட்டுப் பழகியவர் நம் தோட்டமக்கள். வாத்தியார் கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. மறுக்க இயலாதவர் தரும் இசைவு எவ்வாறு இசைவாகும்? சட்டத்தை நம்பியிருக்கலாமோவெனில், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளைக் குறித்து எழுந்தது. விலையின்றி வெளியிடும் பாடத்துக்கு அதனைக் காவலென்று கொள்வதற்கில்லை. ஆகவே காவல் நம் மனச்சான்று ஒன்றே. கேட்டு வாங்குவதினும், கேளாமலே விடுவது மேல். பின்னத்தை விளக்கத் தோசை போதும். பிள்ளையின் முகம் எதற்கு?

இவ்வெண்ணம் வந்தபின் நம் பாடங்கள் அனைத்தையும் மீண்டும் எடுத்துப் பார்த்தோம். பிள்ளையிடம் எடுத்தது போலவே பிறரிடமும் எடுத்திருந்தோம். வேறொரு மாநிலத்து ஆசிரியை வரைந்த படங்கள் நம் பயிற்சித்தாளில் இருந்தன. அடியில் இருந்த அவர் பெயர் மட்டும் இல்லை. "எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே" என்று நறுக்கியிருந்தோம். 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தினர் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் விலையின்றி வழங்குகின்றனர். ஆயினும் தட்டெழுதியவர் பெயரையும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரையும் நூலின் முகப்பிலே குறிக்கின்றனர். இலவசமென்பது பெயரின்மையன்று என்பதனை நாம் அங்கே கற்றோம். அவ்வாசிரியைக்கு எழுதி மன்னிப்புக் கேட்டுப் பெயரைச் சேர்த்தோம்.

மூன்றாவதாக ஏழைகளின் காசையும் எடுத்திருந்தோம். பட்டணத்து இணைப்பில் தெளிவாகத் தெரியவேண்டுமென்று நாம் ஏற்றிய படங்கள் நொடிக்கு 4 மெகாபிட் வீதம் ஓடுபவை. 10 நிமிடப் பாடத்துக்கு 300 மெகாபைட் செலவாகும். அதே பாடத்தைக் குரலாக மட்டும் நொடிக்கு 32 கிலோபிட் வீதம் பதிந்தால் 2.4 மெகாபைட் போதும். முன்கட்டணமாகச் சில வெள்ளி போட்டு, அதனை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. 2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சபா மாநிலத்து மாணவி ஒருத்தி தேர்வெழுத அலைவரிசை தேடி மரத்தின்மேல் ஏறியதை நாடே பேசிற்று. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் கல்வியமைச்சு பாடங்களுக்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியதும், இணையம் எட்டாத வீடுகள் இருந்தமையாலன்றோ? இவையெல்லாம் நடந்தும் நம் படத்தின் அழகையே நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்பொழுது பாடம் ஆக்கும் முன் மூன்று வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்கிறோம். இதில் தோன்றுபவர் பத்தாண்டு கழித்தும் இதனைக் கண்டு நாணாதிருப்பாரா? இதற்கு உழைத்தவர் யாவர் பெயரும் இருக்கிறதா? ஏழையின் கைப்பேசியில் இது இறங்குமா? மூன்றனுள் ஒன்றுக்கு "இல்லை" என்பது விடையானால் அப்பாடம் வெளிவருவதில்லை. இதனால் நம் பாடங்களின் எண்ணிக்கை குறைந்தது. பார்ப்போர் தொகையும் குறைந்தது. அதுபற்றி வருத்தமில்லை.

அப்பின்னப் பாடத்தை மீண்டும் ஆக்கினோம். முகமில்லை, நகைப்பில்லை, குரலும் ஒரு தோசைப் படமும் மட்டுமே. வெளியிடுமுன் அவ்வன்னையின் கைப்பேசிக்கு அனுப்பினோம். மறுநாள் சிறுமியே எழுதியிருந்தாள்: "ஐயா, ஐந்தில் ஒன்று இன்னும் சிறியது." நாம் அவளிடம் பாடத்துக்காக எதையும் கேட்கவில்லை, அவளாகவே கொடுத்த விடை அது. அதனை அவள் இசைவின்றி இங்கே எழுதவுமில்லை. "பெயரைப் போடாதீர்கள்" என்று அவளே சொன்னாள், தயங்காமல். வாத்தியாரிடம் "வேண்டாம்" என்று சொல்லத் தோட்டத்துப் பிள்ளை கற்றுக்கொண்டதே நம் பாடங்களிலெல்லாம் சிறந்த பாடமென்று கருதுகிறோம்.