முதலில் காரின் அடியைப் பார்

வவுனியா

அன்பின் மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. பிள்ளைகளின் சோதனை முடிவு, காணிக் கதை எல்லாம் நேரில் வைத்துக்கொள்வோம். கார் விசயத்தில் நீ கெதியாய் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருப்பதால் அதை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் முடிந்து கிளிநொச்சியிலிருந்து திரும்பும்போது ஆனையிறவில் உன் அக்குவாவில் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது என்று எழுதியிருந்தாய். ஸ்கானர் போட்டால் ஹைபிரிட் பற்றரியை மாற்று என்று கோட் வந்தது. ஒரு கராஜ்காரர் முழுப் பற்றரியும் மாற்ற வேண்டும் என்கிறார். மற்றவர் பழுதான இரண்டு மொடியூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிறார். உன் வீட்டுக்காரர் வந்த விலைக்கு வித்துவிட்டு லீசிங்கில் புதிது எடுப்போம் என்கிறார். எல்லோரும் பற்றரியைப் பற்றியே கதைக்கிறார்கள், காரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பற்றரிக்கு விலை கேட்க முன்னம் காரை மேலே தூக்கி அடியைப் பார். என் முதல் பதில் அதுதான்.

பற்றரியைக் காசு கொடுத்து வாங்கலாம். இன்வேட்டரை வாங்கலாம். எஞ்சின்கூட பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்தது கிடைக்கும். உக்கிப்போன பொடியை மட்டும் எங்கேயும் வாங்க முடியாது. உங்கள் பருத்தித்துறை வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? இரவு முழுக்க உப்புக்காற்றில் நிற்கிற கார், பகலில் ஆனையிறவுக் கடனீரேரியைத் தாண்டிப் போய் வருகிறது. மேலே பெயின்ற் பளபளவென்று இருந்தாலும் உப்பு அடியில்தான் முதலில் தின்னத் தொடங்கும்.

றாம்பில் ஏற்றச் சொல்லி நீயும் கீழே போய் நின்று பார். கதவுகளுக்குக் கீழே நீளத்துக்கு ஓடும் தகடு, அது பின்சில்லுக்கு முன்னால் முடிகிற மூலை, பின் அச்சு பொடியோடு சேரும் இடம், முன்பக்கக் குறுக்குச் சட்டம், பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய்கள், இவ்வளவையும் ரோச் அடித்துப் பார். ஸ்குறூட்றைவரின் பிடியால் தட்டச் சொல். நல்ல தகடு கணீரென்று கேட்கும். உக்கிய தகடு மந்தமாய் ஒலிக்கும், உள்ளிருந்து செம்மண் நிறத்தில் தூள் கொட்டும். மேலோடு மட்டும் கறள் என்றால் பயமில்லை, கம்பி பிறஷ்ஷால் உரஞ்சி அண்டர்சீல் அடிக்கலாம். பெருவிரலால் அழுத்தத் தகடு உள்ளே போனால் அந்தக் காருக்கு ஒரு சதமும் செலவழிக்காதே. பற்றரிக் கதை அத்தோடு முடிந்தது.

அடி நன்றாய் இருக்கிறது என்று வை. நான் போன முறை வந்தபோது பார்த்த அளவில் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். அப்படியென்றால் இந்தக் காரை நீ வைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அக்குவாவில் பழுதாகிற சாமான் குறைவு. ஸ்ராட்டர் மோட்டர் இல்லை, ஒல்ரனேற்றர் இல்லை, பெல்ற் இல்லை, தேய்கிற கிளச் இல்லை. கால் எடுத்தவுடன் மோட்டரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்குவதால் பிரேக் பாட் மற்றக் கார்களை விடக் கூடுதல் காலம் நிற்கும். தேய்வது பற்றரிதான். 2013ஆம் ஆண்டு வண்டி, யாழ்ப்பாணத்து வெயில், பள்ளிக்கூடத்தில் நிழல் இல்லாத வளவு. இதைக் கார் செய்தவர்களின் பிழை என்று சொல்ல முடியாது, பற்றரி தன் ஆயுளை உழைத்து முடித்திருக்கிறது.

இரண்டு மொடியூல் மாற்றுகிற யோசனைக்கு மட்டும் இணங்காதே. பின்சீற்றுக்குக் கீழே 20 மொடியூல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு செல், ஒரு செல் 1.2 வோல்ற், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுத்து 144 வோல்ற். ஒரே மின்னோட்டம் எல்லாவற்றுக்குள்ளாலும் போகிறது. கிழட்டு மாட்டோடு இளம் மாட்டைப் பூட்டினால் வண்டி கிழட்டு மாட்டின் நடையில்தான் போகும், இளசும் சீக்கிரம் கெட்டுப்போகும். இன்று மாற்றுகிற இரண்டுக்குப் பக்கத்தில் இருப்பவையும் அதே வயதுதான். சில மாதத்தில் வேறொன்று விழும், பேந்து இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கூலி, ஒவ்வொரு முறையும் நீ வழியில் நிற்பாய். விற்கப்போகிற காருக்கு ஒரு கராஜ்காரர் அதைச் செய்யலாம். நீ தினமும் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறவள்.

ஆனால் முழுப் பற்றரிக்கும் ஓம் சொல்ல முன்னம் ஒன்றிரண்டு சோதனை இருக்கிறது. சின்ன 12 வோல்ற் பற்றரியை முதலில் அளக்கச் சொல். அது சோர்ந்தால் இந்தக் கார்கள் இல்லாத வருத்தத்தையெல்லாம் காட்டும். பிறகு பெரிய பற்றரியைத் திறக்கும்போது பக்கத்தில் நில். மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் தெரியும். உப்புக்காற்று ஊரில் அவை பச்சைப் பாசி பிடித்தது போல் நிறம் மாறியிருக்கும். சிலவேளை அந்தப் பாசியால்தான் அளவு பிழைத்துக் கோட் வருகிறது. துப்புரவாக்கி, வோல்ற்றைத் திரும்ப அளந்து, காரை ஓட்டியபடி ஸ்கானரில் பார்க்கட்டும். ஓட்டத்தில் சில மொடியூல்களின் வோல்ற் மட்டும் சட்டென்று விழுந்து எழும்பினால் சந்தேகமில்லை, பற்றரி முடிந்தது.

சீற் ஓரத்தில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கிறது தெரியுமா? பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அதற்குள்ளால்தான் காற்றை இழுக்கிறது. கடைசி முறை பார்த்தபோது சின்னவளின் புத்தகப் பை அதை அடைத்துக்கொண்டு கிடந்தது. விசிறியைக் கழற்றித் தூசியும் பஞ்சும் எடுக்காமல் புதுப் பற்றரி போட்டால் அதுவும் அவிந்துபோகும். வேலை செய்கிறவர் செம்மஞ்சள் நிறச் சேர்விஸ் பிளக்கை இழுத்த பிறகு பத்து நிமிடமாவது பொறுத்து, இறப்பர் கையுறை போட்டுத் தொடுகிறாரா என்றும் கவனி. பொறுக்காதவரிடம் காரை விடாதே. உயிரோடு விளையாட்டு வேண்டாம்.

எதைப் போடுகிறார் என்றும் கேள். ஜப்பானில் கழற்றிய பழைய பற்றரியைத் துடைத்து றீகண்டிசன் என்று தருவார்கள். அது உன்னுடையதற்குத் தம்பி வயது, அவ்வளவுதான். புதுச் செல் செற் என்றால் செய்த திகதி, உத்தரவாதம் இரண்டையும் எழுத்தில் வாங்கு. பழைய பற்றரிக்கு என்ன கழிப்பார் என்பதையும் பேசிக்கொள், அதிலுள்ள நிக்கலுக்கு விலை இருக்கிறது.

இன்னொரு சோதனை, பிரேக். நீ சாரதிக் கதவைத் திறந்தவுடன் உள்ளே ஒரு பம்ப் உறுமி நிற்குமே, அது பிரேக்குக்கு அழுத்தம் ஏற்றுகிறது. காலைப் பெடலில் வைக்காமலே அது சில விநாடிக்கொருதரம் திரும்பத் திரும்ப உறுமினால் உள்ளே அழுத்தம் கசிகிறது. அந்தச் சாமானும் பற்றரி போல் விலையானது. இரண்டும் ஒன்றாய் வந்தால் கணக்கு மாறும், அப்போது எனக்குக் கோல் எடு. எஞ்சினுக்கு ஒயில், கூலன்ற் இரண்டும் குறைகிறதா என்று மட்டும் பார். அதன் ரைமிங்குக்கு இருப்பது சங்கிலி, பெல்ற் அல்ல, அதைப் பற்றி யோசிக்காதே.

இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டது என்று உன் வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். அந்த இலக்கத்தை நம்பி ஒரு முடிவும் எடுக்க ஏலாது. ஜப்பானிலிருந்து வந்த பல வண்டிகளின் மீற்றர் இங்கே இறங்க முன்னமே குறைக்கப்பட்டது, ஒக்ஷன் சீற் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்களுக்கு வித்தவர் அந்தச் சீற்றைக் காட்டவே இல்லை. தகடும் பிரேக்கும் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

புதிதைப் பற்றி அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, அவ்வளவு காலம் பொறுத்த மனிசருக்கு ஆசை வராதா? ஆனால் சுங்க வரி, உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 சதவீத வற். நீ எழுதிய தொகைகளை வைத்துப் பார்த்தால் புதுச் செல் செற்றின் விலை லீசிங்கின் ஐந்து மாதத் தவணைக்குள் அடங்கிவிடுகிறது. தவணையோ ஐந்து வருசம். முற்பணம் தனி. மூத்தவன் கம்பஸ் போகப்போகிற நேரத்தில் உன் சம்பளத்தில் அப்படி ஒரு கடனை ஏற்றுவதை நான் விரும்பவில்லை. மின்சாரக் கார் அவருக்குப் பிடித்திருந்தால் கூரையில் சோலர் போட்ட பிறகு யோசிக்கட்டும், அது நல்ல யோசனை. இந்த வருசம் வேண்டாம்.

2022இல் கியூஆர் பாஸ் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கட்டுப்படுத்திய நேரம் இந்தக் கார்தான் உன்னையும் மற்ற ரீச்சர்மாரையும் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி போய்வந்தது. அந்தப் பாசம் உனக்கு இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனாலும் தகடு உக்கியிருந்தால் பாசம் பார்க்காதே. பற்றரிக் கோட்டை அழித்து முக்கோணத்தை மறைத்து விற்கச் சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். இன்ன பழுது என்று சொல்லி, உள்ளபடி விலை கேள். வாங்குகிறவனும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9இல் ஓடப்போகிறவன்தான்.

இந்தச் சனிக்கிழமை கராஜ் திறக்கும் நேரத்துக்கே கொண்டுபோ. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போ, அவரே கீழே நின்று தட்டிப் பார்க்கட்டும். முக்கோணம் எரிந்தபடி கிளிநொச்சிக்கு ஓடாதே, அதுவரை பஸ்ஸில் போ. அடி நன்றாய் இருந்து, செல் செற்றுக்குக் காசு தட்டுப்பட்டால் பாதியை நான் அனுப்புகிறேன், வட்டிக்கு ஒருவரிடமும் போகாதே. தகட்டைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா