ஸ்கீக்குச் சாணை பிடிக்கிற வேலை

பனிச்சறுக்கு ஊரொன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னபோது, ஏதோ ஹோட்டல் குசினி என்றுதான் அப்பா நினைத்தார். அவரில் பிழையில்லை. எண்பதுகளில் சுவிஸுக்கு வந்த எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த மலை ஊர்கள் என்றால் கோப்பை கழுவிய இடம்தான், சறுக்கிய இடமல்ல. குசினி இல்லை, ஸ்கீயைத் தீட்டிப் பழுதுபார்க்கிற பட்டறை என்று விளங்கப்படுத்தினேன். "சாணைக்காரன் வேலையா, பிள்ளை?" என்றார். ஓம் என்றேன். இந்தத் தொழிலை அதைவிடச் சுருக்கமாக இன்றுவரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஊரின் பெயர் மியூரன். பேர்ன் மாநிலத்தில், லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்கு நேர் மேலே, பாறை விளிம்பில் 1,638 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எதிரே ஐகர், மொன்ஷ், யுங்ஃப்ராவ் என்று மூன்று சிகரங்கள். நிரந்தரமாக வாழ்பவர்கள் நானூறு சொச்சம் பேர். கார் கிடையாது. கீழிருந்து கேபிள் காரில் ஏறி, பிறகு சின்ன ரயிலில் போகலாம். பால், மா, சீமெந்து எல்லாம் அந்தக் கேபிள் காருக்கு அடியில் தொங்கும் தட்டில்தான் ஏறி வருகின்றன. எங்கள் கடையின் வாடகை ஸ்கீகளும் அப்படி வந்தவைதான்.

கடையின் பின்பக்கம் பட்டறை. அதை நடத்துபவரை ஊர் வழக்கப்படி நானும் ஷெஃப் என்றே கூப்பிடுவேன். அறுபதைத் தாண்டிய மலையூர்க்காரர், கதை குறைவு. முதல் சீசனில் என் கையில் அவர் அரத்தைத் தரவே இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு மேல் ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வரும் ஸ்கீகளைத் துடைப்பது, காயவைப்பது, பிரேக்கை ரப்பர் வளையத்தால் இழுத்துக் கட்டி வைஸில் பூட்டுவது, இவ்வளவுதான். சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். இந்த ஊர்களில் விடுமுறைக்காரர்கள் சனிக்குச் சனி மாறுவார்கள். ஒரு கூட்டம் கொண்டுவந்து போட்டதை மற்றக் கூட்டத்துக்கு ஆயத்தப்படுத்தவேண்டும்.

அடுத்து வந்தது அடிப்பாகத்தில் விழும் கீறல்களை அடைப்பது. ஸ்கீயின் அடிப்பக்கம் பொலிஎதிலீன். கல்லில் ஏறினால் உழுத மாதிரிக் கோடு விழும். அதே பிளாஸ்டிக்கில் செய்த குச்சியைப் பற்றவைத்து, உருகிச் சொட்டுவதைக் கீறலுக்குள் விடவேண்டும். பார்க்க விளையாட்டுப் போலிருக்கும். குச்சியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் சுவாலை மஞ்சளாகும். மஞ்சள் என்றால் புகைக்கரி. கரி கலந்த சொட்டு பழைய பிளாஸ்டிக்கோடு ஒட்டாது, இரண்டு நாளில் பெயர்ந்துவிடும். அடியோடு ஒட்டினாற்போல் பிடித்து, சின்ன நீலச் சுவாலையாகவே எரியவிட்டால் சொட்டு சுத்தமாக விழும். பெரும்பாலான ஸ்கீகளின் அடி கறுப்பு. கறுப்பில் கரி கண்ணுக்குப் படாது. அதனால் ஷெஃப் எனக்கென்று வெளிர்நிற அடி கொண்ட பழைய சோடிகளைத் தேடி எடுத்துத் தந்தார். அதில் ஒரு புள்ளிகூட மறையாது. ஆறியதும் இரும்புத் தகட்டால் வழித்து மட்டமாக்கி, விரலை வைத்துத் தடவிப் பார்க்கவேண்டும். மேடும் தெரியக்கூடாது, பள்ளமும் தெரியக்கூடாது.

அரம் கைக்கு வந்தபோதுதான் அந்த ஊரின் சரித்திரமும் வந்தது. பட்டறைச் சுவரில் மரத்தில் செய்த பழைய ஸ்கீ ஒரு சோடி தொங்குகிறது. ஷெஃப் அதை இறக்கி, "இதன் விளிம்பைத் தடவு" என்றார். வெறும் மரம், மழுங்கி உருண்டிருந்தது. பிறகு நான் தீட்டவேண்டிய ஸ்கீயைத் தந்து, "இப்போது இதை" என்றார். எஃகு. சால்ஸ்பூர்க்கைச் சேர்ந்த ருடோல்ஃப் லெட்னர் என்பவர் ஸ்கீயின் விளிம்பில் எஃகுத் துண்டுகளைத் திருகாணியால் பொருத்தும் முறைக்கு 1926-இல் காப்புரிமை வாங்கினார். அதுவரை இறுகிய பனியில் திரும்புவதென்றால் மரத்தை நம்பித்தான் திரும்பவேண்டும்.

அந்தக் காலத்தில் மியூரனில் ஆர்னல்ட் லன் என்ற ஆங்கிலேயர் பந்தயங்கள் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பன் ஹென்றி லன் மெதடிஸ்த மிஷனில் வைத்தியராக இந்தியாவுக்குப் போனவர். மகன் பிறந்தது 1888-இல் மதராஸில். "உன் பக்கத்து ஆள்தான்" என்றார் ஷெஃப். அவருக்கு மதராஸும் யாழ்ப்பாணமும் ஒன்றுதான். நான் திருத்தப் போகவில்லை. ஹென்றி லன் பிற்காலத்தில் பயண முகவராகி, ஆங்கிலேயரைக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸுக்கு அழைத்துவரத் தொடங்கினார். அவருடைய வற்புறுத்தலால்தான் 1910 அளவில் மியூரன் ரயில் குளிர்காலத்திலும் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் இது கோடையில் மட்டும் ஆள் வந்துபோன ஊர்.

மகன் 1909-இல் வேல்ஸ் நாட்டில் மலையேறும்போது விழுந்து காலை உடைத்துக்கொண்டவர். ஒரு கால் குட்டையாகிப் போனது. அந்தக் காலோடுதான் வாழ்நாள் முழுக்கச் சறுக்கினார். 1922 ஜனவரியில் அவர் மியூரன் சரிவில் கொடிகளைச் சோடி சோடியாக நட்டு, இவற்றுக்கு நடுவே யார் வேகமாக வருகிறாரோ அவரே வென்றவர் என்றார். இன்று நாம் பார்க்கும் ஸ்லாலம் அதுதான். ஸ்லாலம் என்ற பெயரும் விளையாட்டும் நோர்வேயிலிருந்து வந்தவைதான். ஆனால் எவ்வளவு வடிவாகத் திரும்பினாய் என்பதற்குப் புள்ளி போடும் வழக்கம் அப்போது இருந்தது. லன் அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தோன்றுவது, என் தொழில் அந்தக் கடிகாரத்தில்தான் பிறந்தது. வடிவுக்குப் புள்ளி போடும்வரை மழுங்கிய விளிம்போடும் ஒருவர் அழகாக வரலாம். விநாடி எண்ணத் தொடங்கியதும் அரம் வேண்டும், மெழுகு வேண்டும், அவற்றைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1923-இல் பெண்கள் ஸ்கீ கழகம், 1924-இல் கந்தஹார் ஸ்கீ கழகம், இரண்டும் மியூரனில் தொடங்கின. ஆப்கானிஸ்தான் நகரத்தின் பெயர் ஆல்ப்ஸில் எப்படி என்று கேட்பீர்கள். 1911-இல் லன் நடத்திய கீழ்நோக்கு ஓட்டப் பந்தயத்துக்குக் கோப்பை தந்தவர் கந்தஹார் போரால் பட்டம் பெற்ற ரொபர்ட்ஸ் பிரபு. மதராஸ் படைக்கும் ஒருகாலம் தளபதியாக இருந்தவர். கீழ்நோக்கு ஓட்டத்தையும் ஸ்லாலத்தையும் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் ஏற்றுக்கொண்டது 1930-இல். அடுத்த வருடமே முதல் உலகப் போட்டி மியூரனில் நடந்தது. பெண்கள் பிரிவில் இரண்டையும் வென்றவர் எஸ்மே மக்கின்னன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லன்னுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நின்று வாசிப்பவர்கள் குறைவு. எல்லோரும் 2,970 மீற்றரில் இருக்கும் ஷில்ட்ஹோர்ன் சிகரத்தின் சுழலும் உணவகத்துக்குப் போகிறார்கள். 1969-இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படம் அங்கே எடுக்கப்பட்டது. ஊர் பொண்டைத்தான் விற்கிறது. வயிற்றுப்பாடு, குறைசொல்ல முடியாது. ஆனாலும் துப்பாக்கியோடு நிற்கும் நடிகரின் படத்துக்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசி 1922-க்கும் கிடைத்திருக்கலாம்.

அரத்துக்கு வருகிறேன். பக்க விளிம்பு வாடகை ஸ்கீக்கு 88 பாகை. பந்தயக்காரருக்கு 87 அல்லது அதற்கும் கீழே. பாகையைக் காக்க அரத்தோடு ஒரு பிடி பூட்டியிருக்கும், அதனால் கணக்குப் பற்றிய கவலை இல்லை. கவலை காதுக்குத்தான். முன்முனையிலிருந்து பின்முனைவரை, ஒரு இழுவை முடிந்த இடத்துக்கு முன்னாலிருந்தே அடுத்ததைத் தொடங்கி இழுக்கவேண்டும். அரம் எஃகைப் பிடிக்கும்போது சீரான உராய்வுச் சத்தம் வரும். திடீரென்று கீச்சென்று வழுக்கினால் அந்த இடத்தில் கல் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கல்லில் உரசிய சூட்டில் எஃகு அங்கே இறுகிப்போயிருக்கும், அரத்தைவிடக் கடினம். அழுத்தினால் அரத்தின் பல்தான் போகும். முதலில் வைரத்தூள் பதித்த கல்லால் அந்த இறுக்கத்தைத் தேய்த்தெடுத்துவிட்டுத்தான் அரத்தை வைக்கவேண்டும். நான் இழுக்கும்போது ஷெஃப் வேறு வேலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். சத்தம் மாறினால் திரும்பாமலே "கல்" என்பார்.

முடிந்ததும் நகத்தின் மேற்பக்கத்தை விளிம்பில் குறுக்காக வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்போம். வெள்ளையாகத் தூள் சீவினால் சரி. அதோடு விட்டுவிடக்கூடாது. புதிதாகப் பழகுபவருக்கு முனைகளில் அவ்வளவு கூர் ஆகாது. திரும்பும்போது விளிம்பு பனியைக் கடித்து ஆளைக் கவிழ்க்கும். ஆகவே தீட்டிய முனைகளைத் திரும்பக் கொஞ்சம் மழுக்குவோம். ஆளைப் பார்த்து மழுக்குவது தீட்டுவதைவிடக் கடினம் என்பது என் கருத்து.

மெழுகைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு சித்தாந்தம். விஷயம் சுருக்கமானது. ஸ்கீ உராய்ந்து போகும்போது உண்டாகும் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல்தான் சறுக்குகிறது. கடுங்குளிரில் பனிப் பளிங்குகள் கூர்மையாக இருக்கும், அதற்கு இறுகிய மெழுகு. ஈரப்பனிக்கு மென்மையானது. இஸ்திரிப்பெட்டி மாதிரியான சூட்டுக்கருவியால் உருக்கிப் பூசும்போது கையை ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது. புகை வந்தால் சூடு அதிகம், அடிப்பாகம் வெந்துவிடும். ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, தூரிகை போடவேண்டும். பூசியதில் பெரும்பகுதி வழித்துத் தரையில் கொட்டப்படும். உள்ளே ஊறியது மட்டும்தான் வேலை செய்யும். புளோரின் கலந்த மெழுகுதான் வேகம் என்று ஒரு காலம் இருந்தது. அது சுற்றாடலில் அழியாமல் தங்கும் நஞ்சு. 2023-24 சீசனிலிருந்து சர்வதேசப் பந்தயங்களில் அதற்குத் தடை.

மெழுகுச் சண்டை உச்சத்துக்குப் போவது ஜனவரியில், இன்ஃபெர்னோ பந்தயத்துக்கு முதல் நாள் இரவு. 1928-இல் பதினேழு பேரோடு தொடங்கிய பந்தயம் இது. அன்று தோலை ஸ்கீயில் கட்டிக்கொண்டு ஷில்ட்ஹோர்னுக்கு நடந்தே ஏறினார்கள். முதலில் வந்த ஹரல்ட் மிச்செலுக்குக் கீழே வந்துசேர ஒரு மணிநேரத்துக்கு மேல் எடுத்தது. இன்று 1,850 பேர் ஓடுகிறார்கள். முன்னணி ஆட்களுக்குக் கால் மணிநேரமும் தேவையில்லை. தொழில்முறை வீரர் குறைவு. வங்கிக்காரர், தச்சர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எல்லாரும் வந்து பட்டறை வாசலில் நின்று கேட்பது ஒரே கேள்வி: நாளைக்கு என்ன மெழுகு?

நல்ல கேள்விதான். தொடக்கம் 2,790 மீற்றர், முடிவு 800 மீற்றர் அளவில், நீளம் 14.9 கிலோமீற்றர். மேலே ஒரு பனி, நடுவில் ஒரு பனி, கீழே இன்னொன்று. தெளிந்த ஜனவரிக் காலையில் மலைமுகட்டைவிடப் பள்ளத்தாக்கு குளிராக இருப்பதும் உண்டு. ஷெஃப் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: சமதரைக்குப் பூசு. செங்குத்தில் மெழுகு இல்லாதவனும் சறுக்குவான். நடுவழியில் ஏற்றமாக ஒரு துண்டு வருகிறது. அங்கே வேகம் செத்தால் தடியை ஊன்றித் தள்ளவேண்டியதுதான். பந்தயம் அங்கேதான் வெல்லப்படுகிறது. ஆனால் பனி போதாமல் லவுட்டர்புருன்னன் வரை போக முடியாத வருடங்கள் அடிக்கடி வருகின்றன. அப்போது மேலே விண்டரெக் என்ற இடத்திலேயே முடித்துவிடுவார்கள். முழுத்தூரமும் ஓடியவர்கள் அதைத் தனிப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

கடைசியாகக் கைக்கு வந்தது பைண்டிங், சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் கருவி. சுவரில் தொங்கும் பழைய சோடியில் இருப்பது கந்தஹார் பைண்டிங். சங்கீதப் பெட்டி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த கீடோ ரூஜ் என்ற சுவிஸ்காரர் வடிவமைத்தது. சப்பாத்தின் குதியைச் சுற்றிக் கம்பிவடத்தால் இறுக்கிக் கட்டும். நன்றாகப் பிடிக்கும், விழும்போதும் விடாது. அந்தக் காலத்தில் கால் முறிவதற்கு அது போதும். இன்றைய பைண்டிங்கின் முழு வேலையும் சரியான கணத்தில் விடுவதுதான். எடை, உயரம், சப்பாத்து அடியின் நீளம், வயது, எவ்வளவு வேகமாகச் சறுக்குபவர் என்பவற்றை அட்டவணையில் பார்த்து டின் எண் என்ற ஒன்றை எடுத்து, திருகாணியைத் திருகி அந்த எண்ணில் நிறுத்துவோம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் ஒரு படி குறைப்போம். எண் கூடினால் விழும்போது விடாது, முழங்கால் போகும். குறைந்தால் தேவையில்லாத இடத்தில் கழன்று ஆளை எறியும். இதில் மட்டும் ஷெஃப் இன்னமும் ஒவ்வொன்றையும் திரும்பச் சரிபார்க்கிறார். நான் கோபிப்பதில்லை.

இப்போது பெப்ரவரி விடுமுறையில் சூரிச், பேர்ன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் மியூரனுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூட முகாமில் பழகிவிட்டார்கள். பெற்றோர் முதன்முறையாக ஏறுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகைப் படிவத்தில் எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வெட்கத்தில் பத்துக் கிலோ குறைக்கவேண்டாம். இரண்டு நாள்தான் பழகியிருந்தால் "நன்றாகச் சறுக்குவேன்" என்று எழுதவேண்டாம். பிள்ளைக்கு அடுத்த வருடமும் உதவும் என்று பெரிய சப்பாத்து எடுக்கவேண்டாம். நீங்கள் சொல்கிற எண்ணை வைத்துத்தான் நாங்கள் திருகாணியைத் திருகுகிறோம்.