பெட்டிக்குப் போட்ட பூட்டு

மனிதரை மேல் என்றும் கீழ் என்றும் வகுத்து வைத்த கை, மரப்பெட்டியை மட்டும் விட்டுவைக்குமா? விட்டுவைக்கவில்லை, தோழர்களே! வீணைக்கு மணிமண்டபம், பறைக்கு ஊர்ப்புறம் என்று இடம் பிரித்தவர்கள், ஆர்மோனியத்துக்கு வானொலி நிலையத்தின் வாயிற்கதவையே அடைத்தார்கள். 1940ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் அடைத்த கதவு, 1971இல்தான் சிறிது திறந்தது. அப்போதும் முழுதாகத் திறக்கவில்லை. பெரிய வித்துவான்களுக்குப் பக்கத்துணையாக வரலாம், தனித்து ஒலிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒருக்களித்துத் திறந்தது.

என்ன குற்றம் செய்தது அந்தப் பெட்டி? நாடு கடந்து வந்தது என்பது முதற் குற்றம். பாரிசு நகரத்து அலெக்சாந்தர் தெபெய்ன் என்பவர் 1840களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற கருவி அது. காலால் துருத்தியை மிதித்து, நாற்காலியில் அமர்ந்து வாசிப்பது அங்கே வழக்கம். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக மாற்றியமைத்தார். தரையில் சம்மணமிட்டு அமரும் நம் மக்களுக்கு அது ஏற்றதாயிற்று. ஒரு கை காற்றை ஊட்ட, மறு கை கட்டைகளில் ஓட, ஏழையின் குடிசைக்கும் இசை வந்தது.

இரண்டாவது குற்றம், கமகம் வாராது என்பது. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நெளிவு, கட்டை போட்ட கருவியில் எழாது என்றார்கள். இதை நான் மறுக்கவில்லை. உண்மைதான். ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒரு கருவியால் ஒன்று இயலாது என்றால், அதனால் இயன்றதையும் கேட்காதே என்று காதைப் பொத்துவது எந்த ஊர் நியாயம்? மத்தளத்தில் நெளிவு எழவில்லை என்று மத்தளத்தை விலக்கினார்களா?

வேடிக்கையைக் கேளுங்கள். நம் இசையின் தூய்மையைக் காக்கப் பெட்டியை விரட்ட வேண்டும் என்று 1938இல் வானொலி ஏட்டில் எழுதியவர் ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். டில்லி வானொலியில் மேல்நாட்டிசைப் பகுதியைப் பார்த்துவந்தவர். கவியரசர் தாகூரும் பெட்டியை வெறுத்தார். வெள்ளையரும் மேலோரும் சேர்ந்து போட்ட பூட்டு அது. 1947இல் வெள்ளையர் வெளியேறினர். பூட்டு வெளியேறவில்லை! மேலும் 24 ஆண்டுகள் அது தொங்கிற்று.

ஆனால் பூட்டு தொங்கியது வானொலி நிலையத்தில்தான். எங்கள் கள்ளக்குறிச்சிச் சீமையில் தொங்கவில்லை. சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம், உளுந்தூர்ப்பேட்டை என்று எந்தப் பக்கம் சென்றாலும், பங்குனி சித்திரையில் கூத்துக் களரி எழும். மத்தளம், முகவீணை, தாளம் என்ற மூன்றோடு நான்காவதாகப் பெட்டி வந்து அமர்ந்தது. நாடகக் கம்பெனிகள் வழியாக வந்த விருந்தாளி, வீட்டுக்காரனாகவே ஆகிவிட்டது. அது ஏன் நிலைத்தது என்பதற்குக் காரணம் உண்டு. திறந்த வெளியில், ஆயிரம் பேர் நடுவில், இரவு பத்து மணி முதல் விடியும்வரை கூத்தன் பாடவேண்டும். சுருதி தளராமல் தாங்க ஒரு துணை வேண்டும். வெயிலும் பனியும் பட்டாலும், வண்டியில் குலுங்கினாலும், அடிக்கடி சுருதி கூட்டிக்கொண்டிராத கருவி வேண்டும். பண்டிதர் தள்ளிய பெட்டியைப் பாமரர் எடுத்துக்கொண்டது பரிவினால் அல்ல, பயனறிந்து எடுத்துக்கொண்டனர்!

என் தாய்மாமன் அப்படிப்பட்ட ஒரு பெட்டிக்காரர். நாற்பது பருவங்களுக்கு மேல் களரியில் அமர்ந்தவர். கர்ணன் களத்தில் சாயும்போது அவருடைய பெட்டி விம்மும். கட்டியங்காரன் வாயைத் திறந்தால் அதே பெட்டி கேலி செய்யும். அவர் எங்கே வாசித்தாலும் தேடிச் செல்லும் ரசிகர் கூட்டம் ஒன்று இருந்தது. பத்துக்கல் தொலைவு மிதிவண்டியில் வருவார்கள். வேட்டிமுனையில் முடிந்த நாணயத்தை அவிழ்த்துப் பெட்டியின்மேல் வைப்பார்கள். ஒருநாள், தோழர்களே, அவர் பெட்டியை மூடிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அழைப்பு வந்தாலும் போவதில்லை. ஏன் என்று கேட்டால், பேச்சை மாற்றிவிடுவார்.

அவருக்கு ஒரு பேரன். கல்லூரியில் படிக்கிறான். காதில் எப்போதும் ஒலிவாங்கியைச் செருகியிருப்பான். தாத்தாவின் பெட்டியைப் பற்றி அவன் பேசியதே இல்லை. அவனுடைய உள்ளம் முழுதும் இங்கிலாந்தில் இருந்தது. 1974இல் கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் தோன்றிய ஸ்ட்ராங்லர்ஸ் என்ற இசைக்குழுவின்மேல் அவனுக்கு அப்படியொரு பற்று.

அந்தக் குழுவின் கதையை அவனிடம்தான் கேட்டறிந்தேன். 1976, 77ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் பங்க் என்ற இசை வெடித்தது. வேலையில்லை, வருங்காலமில்லை என்று கொதித்த இளைஞர்கள், மூன்று இசைக்கோவைகள் தெரிந்தால் போதும், மேடையேறு என்றார்கள். கித்தாரும் முரசும் முழக்கமும்தான் அதன் படைக்கலம். விசைப்பலகை என்றால், பழைய பகட்டுக் குழுக்களின் ஆடம்பரம் என்று எள்ளினார்கள். அந்தக் கூட்டத்தில் டேவ் கிரீன்ஃபீல்டு என்ற மீசைக்காரர் ஹாமண்ட் ஆர்கனோடு வந்து நின்றார்! முரசறைந்த ஜெட் பிளாக் நாற்பதை நெருங்கியவர். ஐஸ்கிரீம் வண்டி நடத்தியவர். இவர்களா பங்க், வயதானவர்கள், விசைப்பலகைக்காரர்கள் என்று முகம் சுளித்தனர் தூய்மைவாதிகள். ஆம், தோழர்களே, அங்கும் தூய்மைவாதிகள்! கலகக் கொடி உயர்த்திய கூட்டத்துக்குள்ளேயே ஓர் ஆசாரம் முளைத்துவிட்டது.

ஆசாரத்தை உடைத்தவர்கள் ரசிகர்கள். ஃபின்ச்லி பையன்கள் என்றழைக்கப்பட்ட இளைஞர் குழு ஊர் ஊராகப் பின்தொடர்ந்தது. 1977இல் குழுவுக்கென்றே ஓர் ஏடு தோன்றிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த முதல் இசைத்தட்டுத் தொகுப்பு விற்பனையில் நான்காம் இடம் பெற்றது. செப்டம்பரில் வந்த அடுத்தது இரண்டாம் இடம் பெற்றது. அறிஞர்கள் எழுதிய தீர்ப்பை அங்காடியில் மக்கள் திருத்தி எழுதினர்.

இதை அவன் எனக்கு விளக்கியது வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்தில். மாமாவும் உடன் இருந்தார். கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலைச்சாலை வளையத் தொடங்கியது. சாகிர்தார்களின் ஆட்சியில் மலையாளிப் பழங்குடியினர் 1976வரை சிக்கித் தவித்த மலை அது. உழைப்பு ஒருவருடையது, உரிமை மற்றொருவருடையது என்ற கொடுமை நாடு விடுதலை பெற்ற பின்னும் 29 ஆண்டுகள் அங்கே நீடித்தது. வானொலிப் பூட்டுக்கு இது அண்ணன்! அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சும்மா இருந்த மாமாவின் காதில் பேரன் தன் ஒலிவாங்கியைச் செருகினான். ஏனோ, விளையாட்டாக.

மாமா கண்ணை மூடினார். இரண்டு வளைவுகள் கழிந்தன. பிறகு கேட்டார்:

“யாரப்பா இந்தப் பெட்டிக்காரர்? கை ஓயவே இல்லையே!”

பேரன் திகைத்துப் போனான். ஆர்கனைப் பெட்டி என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. அடுத்து, 1982இல் அக்குழுவுக்கு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் தேடித்தந்த ‘கோல்டன் பிரவுன்’ பாட்டைப் போட்டான். மாமாவின் கை தொடையில் தாளம் போடத் தொடங்கிற்று. முதலில் தடுமாறியது, பின் பிடித்துக்கொண்டது. “மூன்று, மூன்று, மூன்று, பிறகு ஒரு நான்கு. பதின்மூன்று எண்ணிக்கை. மத்தளக்காரன் தூங்கினால் கவிழ்ந்துவிடுவான்” என்றார். அந்தப் பாட்டின் முகப்பிசையைப் பற்றி இசையறிஞர் எழுதியிருப்பதும் அதே கணக்குத்தான். ஏடு படித்துச் சொல்லவில்லை அவர். விரல் எண்ணிச் சொன்னார்.

அப்போதுதான் பேரன் கேட்டான்: “நீங்கள் ஏன் தாத்தா வாசிப்பதை விட்டீர்கள்?”

எங்கள் எவருக்கும் சொல்லாததை அவர் அவனுக்குச் சொன்னார். “இரவெல்லாம் கை தட்டினார்கள். விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவைக் கட என்றார்கள். தேநீரைத் தனிக் குவளையில் ஊற்றினார்கள். கை தட்டிய அதே கைகள்தான்.”

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஓர் ஊரின் பெயரை எழுதினால், மற்ற ஊர்கள் நிம்மதியாக மூச்சு விடும். விடக்கூடாது!

எண்ணிப் பாருங்கள். நம் மாவட்டத்துக் கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கையர் கூடுகின்றனர். அந்நாளில் அவர்களுக்கு எத்தனை மாலை, எத்தனை படம்! மறுநாள் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் எத்தனை பேர்? இரவில் போற்றிப் பகலில் தூற்றும் பழக்கம் இந்த நாட்டில் புதியதன்று. கலையை எடுத்துக்கொள், கலைஞனைத் தள்ளிவை என்பது சாதியின் வாணிகம். அதில் ரசிகன் முகவனாக இருக்கிறான், தன்னையறியாமலே.

ஆகவே ரசிகன் என்பவன் யார் என்று பகுத்தறிவாளர் நாம் வரையறுத்தாக வேண்டும். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுபவனா? அவன் பக்தன், கடவுளை மாற்றிக்கொண்ட பக்தன், அவ்வளவே. ஸ்ட்ராங்லர்ஸ் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் பெயரே ‘இனி நாயகர்கள் இல்லை’ என்பது. அந்தப் பெயரையே சட்டையில் அச்சிட்டு, பாடியவர்களை நாயகர்களாக்கிக்கொண்ட ரசிகர்களும் உண்டு! உண்மை ரசிகன் கேட்பான், வியப்பான், வினவவும் செய்வான். அந்தக் குழுவின் பாட்டுகள் சிலவற்றில் பெண்ணை இழிவுசெய்யும் சொற்கள் உள்ளன. 1978இல் இலண்டன் பேட்டர்சி பூங்காவில் ஆடை களையும் பெண்களை மேடையில் ஆடவிட்டார்கள். பெண்ணுரிமையாளர் அன்றே கண்டித்தனர். கண்டித்தது சரியே. பேரன் முதலில் மழுப்பினான், பின் ஒப்புக்கொண்டான். அதுபோலவே, நம் கட்டியங்காரன் பெண்களைக் கொச்சையாக்கிச் சிரிக்கவைக்கும்போது, மரபு என்று சொல்லி நாமும் சிரிக்கலாகாது. விரலை விரும்புவோம்; வசையை மறுப்போம். இரண்டும் ஓர் உள்ளத்தில் இருக்க முடியும்.

கலைஞனை மனிதனாகக் காணும் ரசிகனும் உண்டு என்பதற்குச் சான்று சொல்கிறேன். 2020 மே 3ஆம் நாள், கொரோனாத் தொற்றுக்கு ஆளான நிலையில், டேவ் கிரீன்ஃபீல்டு தமது 71ஆம் வயதில் மறைந்தார். 2021இல் குழு வெளியிட்ட தொகுப்பில் அவர் விட்டுச்சென்ற வாசிப்பும் இடம்பெற்றது. அவரை நினைந்து ஒரு பாட்டும் சேர்ந்தது. விசைப்பலகையா என்று இகழ்ந்த குரல்கள் எங்கே போயின? விரல்கள் நிலைத்தன.

நம் நாட்டிலும் விடிவு இல்லாமல் இல்லை. 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு 19 பேருடன் மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று அமைத்த குழு. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பெயர் பெற்றது. பறையும் சட்டியும் கித்தாரும் ஒரே மேடையில், ஒரே உயரத்தில் நின்றன. கானா ஆண்களுடையது என்றிருந்த களத்தில் இசைவாணி என்ற பெண் பாடினார், 2020இல் பி.பி.சி. நிறுவனத்தின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். கருவிக்கும் குரலுக்கும் போட்ட பூட்டு உடையும் ஓசை அது!

எங்கள் படிப்பு வட்டத்து இளைஞர்கள் ஒரு முடிவு செய்துள்ளனர். வரும் பங்குனியில் கூத்து ஒன்று நடத்துவது. பேசிய தொகையை மேடையேறுமுன் எண்ணிக் கொடுப்பது. கலைஞருக்கும் ஊராருக்கும் ஒரே பந்தி, ஒரே குவளை. பெட்டிக்காரரும் மத்தளக்காரரும் எந்தத் தெரு வழியாக வந்தாலும், செருப்புடன், நிமிர்ந்து நடந்து வருவார்கள். நாங்கள் முன்னே நடப்போம். இதைச் சொல்லி மாமாவை அழைத்தோம். அவர் சரி என்று சொல்லவில்லை. “முதலில் தெருவைக் கடந்து காட்டுங்கள். பெட்டியைப் பிறகு இறக்குகிறேன்” என்றார். பேரன் மட்டும் பரணில் ஏறித் தூசு தட்டியிருக்கிறான். துருத்தித் தோலில் கிழிசல். இரண்டு கட்டைகள் ஊமை. செப்பனிட ஆள் தேடுகிறான்.

தோழர்களே! கை தட்டுவது எளிது. இரு கை போதும். கை கொடுப்பதற்கு ஒரு கை போதும். ஆனால் அதற்கு நெஞ்சம் வேண்டும். உங்கள் ஊரிலும் ஒரு பெட்டி பரண்மேல் இருக்கும். அதை ஏற்றியவர் ஏன் ஏற்றினார் என்று கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், அவர் கடக்க முடியாத தெரு எது என்று கண்டறியுங்கள். பூட்டு பெட்டியில் இல்லை; தெருவில் இருக்கிறது. திறவுகோல் ரசிகன் கையில் இருக்கிறது.