நீர்வேலியிற் கண்ட கிணற்றாட்டம்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே பிரயாணஞ் செய்வோர், நல்லூர், கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் ஆகிய ஊர்களைக் கடந்ததும், வீதியின் இருமருங்கும் பசுமை பெருகுவதைக் காண்பர். செம்மண் நிலத்தில் வரிசை வரிசையாக வாழைகள்; அவற்றினிடையே மண் வாய்க்கால்கள்; எங்கோ ஒரு மூலையில் இறைப்பு இயந்திரத்தின் இடையறாத ஓசை. அதுதான் நீர்வேலி. பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலே, நீரைத் தன் பெயரிற் சுமந்து நிற்கும் ஊர் அது.

தமிழ் படித்தவர்களுக்கு நீர்வேலியை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரி, யாழ்ப்பாண அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் பெயரைத் தாங்கிய பிள்ளையார் கோயில் இவ்வூரில் இருக்கிறது. சங்கர பண்டிதரும் பீதாம்பரப் புலவரும் இவ்வூரவர்களே. ஆயினும் சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் அங்கே சென்றது கோயிலைத் தரிசிக்கவுமன்று. பண்டிதர்களின் சுவடு தேடியுமன்று. விளையாடுவதற்காகச் சென்றேன். நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியன் இவ்வாறு சொல்வது நகைப்புக்கு இடமாகலாம். ஆகையால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இந்துக் கல்லூரியில் நான் புவியியல் கற்பிப்பவன். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவன் ஒருவன், பாடவேளையில் மேசைக்குக் கீழே ஒரு கடதாசி மட்டையை மறைத்து வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு வட்டம். சுற்றிலும் நான்கு சதுரங்கள். எங்கும் அழித்தெழுதிய பென்சிற் கோடுகள். "பரீட்சைக் காலத்தில் விளையாட்டா?" என்று கடிந்தேன். அவன் தலையைக் குனிந்தபடியே, "விளையாட்டுத்தான் சேர். ஆனால் நீங்கள் படிப்பிச்ச கிணறுதான் இது. ஒருக்கால் எங்கட ஊருக்கு வந்து விளையாடிப் பாருங்கோ. சரிவராது எண்டு சொன்னியள் எண்டால் விட்டிடுறம்" என்றான். அவனும் அவன் தோழர் இருவரும் நீர்வேலியார். வருவதாக வாக்களித்துவிட்டேன்.

நான் படிப்பித்த கிணறு எது என்பதை நேயர்களும் அறிந்துகொள்ளல் நன்று. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லாலானது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமக்குப் பிரதான வருவாய். அம்மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. 1889 இல் பாடொன் கைபன் என்ற ஒல்லாந்தரும், 1901 இல் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மனியரும் தனித்தனியே கண்டுரைத்த உண்மை இது. இதன் மறுபக்கமே அச்சந் தருவது. மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவருதல் கூடும். நீர்வேலிக்கு அணித்தான நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை ஊரறியும். இதனை நான் பல வருடங்களாகக் கரும்பலகையில் வரைந்து காட்டிவருகிறேன். மாணவர்களும் பல வருடங்களாகக் கொட்டாவி விட்டுவருகின்றனர்.

அன்று காலை பத்து மணியளவில் அம்மாணவனின் பாட்டனார் வீட்டு விறாந்தையிற் பாய் விரிக்கப்பட்டது. மட்டை நடுவே வைக்கப்பட்டது. புளியங்கொட்டைகள் ஒரு பெட்டியிலும், வெள்ளைக் கூழாங்கற்கள் ஒரு சிரட்டையிலும் இருந்தன. நான்கு சோகிகள் ஆச்சியிடம் இரவல் பெற்றவை. சோழியைச் சோகி என்பது எம்மூர் வழக்கு. 1995 ஆம் ஆண்டு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, ஆச்சி எடுத்துச் சென்ற சிறு பையினுள் இந்தச் சோகிகளும் இருந்தனவாம்.

ஆட்டம் இதுதான். நடு வட்டம் பங்குக் கிணறு. நான்கு சதுரங்கள் நான்கு பங்காளரின் தோட்டங்கள். தை மாதத்திற் கிணற்றில் 40 கொட்டைகள் இருக்கும். ஒவ்வொருவரும் மாதமொருமுறை 3 கொட்டைகள் வரை இறைக்கலாம். நான்கு கொட்டைக்கு ஒரு வாழைக்குலை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே சோகி உருட்டி மழை பெய்விக்க வேண்டும். மார்கழி முடிவில் குலை அதிகம் உடையவர் வென்றவர்.

முதன்முதல் ஆடியபோது நடந்ததை மாணவி ஒருத்தி சிரித்துக்கொண்டு கூறினாள். எல்லோரும் மாதந்தோறும் மும்மூன்றாக அள்ளினார்கள். பங்குனி முடிய 36 கொட்டைகள் போய்விட்டன. சித்திரையில் முதலாமவன் 3 எடுத்தான். இரண்டாமவனுக்கு 1 கிடைத்தது. மற்ற இருவருக்கும் வெறுங்கை. கிணறு வற்றி, ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எப்போதும் முதலில் ஆடுபவனே வென்றான். அதனால், மாதந்தோறும் தொடங்குபவர் மாறிவரவேண்டும் என்று ஒரு விதி செய்தார்கள். பாட்டனார் அதைக் கேட்டுவிட்டு, "உதைத்தானே நாங்கள் முறை எண்டு சொல்லுறது" என்றாராம். எங்கள் காணி உறுதிகளிலே 'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்' என்று எழுதப்படுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இன்னார்க்கு இன்ன நாள் இறைப்பு என்ற முறையை முன்னோர் எத்தனை சண்டைக்குப் பின் கண்டுபிடித்தார்களோ! இப்பிள்ளைகள் ஒரு மாலைப் பொழுதில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டனர்.

இரண்டாவது திருத்தம் உவர். கிணற்றில் 8 கொட்டைகளுக்குக் கீழே இறைத்தால், எடுத்த ஒவ்வொரு கொட்டைக்கும் ஈடாக ஒரு வெள்ளைக் கல்லைக் கிணற்றிலே போடவேண்டும். கொட்டைகளிலும் கற்கள் மிகுந்துவிட்டால் கிணறு உவர்க்கிணறு, அனைவரும் தோற்றவர்.

என்னை ஆட அழைத்தவர்கள் எதுவும் விளக்கவில்லை. ஒரு தாளை மட்டும் நீட்டினார்கள். ஆட்டத்தைச் செய்தவன் பக்கத்தில் நின்று விளக்கினால், பிழை விதியிலா ஆடுபவரிடத்திலா என்று தெரியாமற் போகுமாம். ஆகையால் செய்தவன் வாய் திறத்தலாகாது. பார்த்துக் குறித்துக்கொள்ள மட்டுமே அவனுக்கு அனுமதி. வகுப்பில் வாய் மூடாத அப்பையன் பென்சிலும் கையுமாக ஒரு மணி நேரம் மௌனவிரதம் இருந்ததைக் கண்டு நான் வியந்தேன்.

இவ்வாறு ஆடி ஆடித் திருத்துவது இவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1904 ஆம் ஆண்டில் எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி 'நிலவுடைமையாளர் ஆட்டம்' என ஒன்றை அமைத்து ஆக்கவுரிமை பெற்றார். காணி ஒருசிலர் கையிற் குவிந்தால் ஏனையோர் படும் பாட்டைக் காட்டுவதே அவரது நோக்கம். ஒரே பலகைக்கு அவர் இருவகை விதிகளை வகுத்தார்: ஒன்றிலே ஒருவர் செல்வம் மற்றவரை ஒழிக்கும், மற்றதிலே எல்லோரும் செழிப்பர். பல்கலைக்கழக மாணவர்கள் அதைத் தாமே வரைந்து, தத்தம் ஊர் வீதிப் பெயர்களை இட்டு ஆடினர். அதன் வழிவந்ததே 1935 இல் கடைக்கு வந்து உலகமெங்கும் பரவிய 'மொனொப்பொலி'. மேகிக்குக் கிடைத்தது 500 டொலர். எல்லோரும் செழிக்கும் விதிகள் மறக்கப்பட்டன. 1995 இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'கற்றான்' ஆட்டத்தை அமைத்த கிளவுஸ் டொய்பர் என்ற ஜேர்மனியர், செயற்கைப் பல் செய்யுந் தொழிலைச் செய்தவர். தம் மனைவி மக்களோடு வீட்டிலே ஆடி ஆடித்தான் அதனைத் திருத்தினார்.

நமது பழைய ஆட்டங்கள் மட்டும் ஒரே நாளிற் பிறந்தனவா? நம்மவர் 'நாயும் புலியும்' ஆடுவர். தமிழகத்தில் அதன் உறவான ஆடுபுலி ஆட்டத்துக்குப் புலிகள் 3, ஆடுகள் 15. பலம் ஒவ்வாத இரு கட்சிகள். ஆயினும் எவர் வெல்வார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆடுகள் 10 ஆனாற் புலிக்கு வேட்டை. 20 ஆனால் ஆட்டுக்கு எளிது. அந்தப் பதினைந்தைக் கண்டவர் பெயரை எவரும் அறியார். திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் ஆடித் தோற்றவர்களின் முணுமுணுப்பே அதனைக் கண்டிருக்கவேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஆடி முடிந்தபோது கிணற்றில் 9 கொட்டைகள் எஞ்சின. மற்ற மூவரிடமும் இரண்டு குலைக்குக் குறையாத கொட்டைகள் இருந்தன. என்னிடம் 5 மட்டுமே. ஆவணியில் என்னுடைய முறை முதலில் வந்தது. மூன்றை எடுத்தால் எனக்கும் இரண்டு குலை. எடுத்தேன். கிணற்றில் 6 கொட்டைகள், 2 கற்கள். அடுத்தவன் சற்றுத் தயங்கி 2 எடுத்தான்: 4 கொட்டைகள், 4 கற்கள். அதற்கடுத்தவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தாள். கற்கள் மிகுந்துவிட்டன. உவர்நீரைப் பற்றி இத்தனை வருடம் படிப்பித்த நானே கிணற்றை உவராக்கத் தொடங்கியவன். அந்த வேளையில் எனக்குப் பாடம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மற்றவர்களின் குலைகள்தாம் கண்ணிற் பட்டன.

தேநீர் கொண்டுவந்த ஆச்சி, "ஆர் வெண்டது?" என்று கேட்டார். "ஒருத்தரும் இல்லை ஆச்சி. சேர் கிணத்தை உவராக்கிப் போட்டார்" என்று பதில் வந்தது. ஆச்சி சிரித்துவிட்டு, "மாஸ்டர் தேத்தண்ணி குடியுங்கோ, நான் ஒருக்கால் ஆடிப் பாக்கிறன்" என்று என் இடத்தில் அமர்ந்தார். புதிதாகக் கிணறு நிரப்பப்பட்டது. எவரும் தொடங்குமுன்னர் ஆச்சி கையை விட்டு 8 கொட்டைகளை எடுத்து, ஒரு சிரட்டையிற் போட்டுப் பாய்க்கு வெளியே தள்ளிவைத்தார்.

மௌனவிரதம் முறிந்தது. "அப்பிடி எடுக்கேலாது ஆச்சி. விதியில இல்லை" என்றான் பையன்.

"விதியில இல்லாட்டியும் வீட்டில வேணுமெல்லோ, மோனை? இது நாலு வீட்டுக் குடத்துக்கும். குடத்தை நிரப்பிப் போட்டுத்தான் அந்த நாளையில துலாவில ஏறுவினம். நீங்கள் வாழைக்கு மட்டும் இறைச்சுப் போட்டு எதைக் குடிப்பியள்?"

பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் குடியிருக்கும் வீடு ஊரின் கிழக்கே, தரவைப் பக்கமாக இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் அவ்வீட்டுக் கிணறு உவர்க்கும். நாள்தோறும் பள்ளிக்கூடம் வருமுன்னர் அவன்தான் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான்களைக் கட்டி இந்த வீட்டிலிருந்து குடிநீர் கொண்டுபோகிறவன். பன்னிரண்டு மாதத்தையும், மழையையும், உவரையும், முறையையும் நினைத்து விதி எழுதிய அவனுக்கு, காலைதோறும் தானே சுமக்கும் தண்ணீர் நினைவுக்கு வரவில்லை. அவன் தோழர்க்கும் வரவில்லை. ஆசிரியனாகிய எனக்கும் வரவில்லை. நாங்கள் நால்வரும் எண்ணியதெல்லாம் குலையை. வேறொருவர் கையிலே ஆட்டத்தைக் கொடுத்திராவிடில், அந்தப் பிழை அழகான மட்டையில் அப்படியே நின்றிருக்கும்.

ஆச்சியின் விதிப்படி அன்று பிற்பகல் இன்னும் இரண்டு முறை ஆடினார்கள். கொட்டைகள் 32 ஆகக் குறைந்தபடியால் எல்லோரும் தை மாதத்திலேயே கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருமுறை கிணறு தப்பியது. ஒருமுறை புரட்டாசியில் உவர்த்தது. "இன்னும் சரிவரேல்லை. மழை கூடிப்போச்சு" என்று பையன் குறித்துக்கொண்டான். பரீட்சையை மறந்துவிடவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்பு, சனிக்கிழமையில் மட்டும் ஆடுவது என்று இருவருமாக உடன்பட்டோம்.

நான் விடைபெற்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீதியோரத்தில் ஒரு லொறியில் வாழைக்குலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குலையும் எத்தனை கொட்டை என்று என் மனம் தானாகவே எண்ணியது. விறாந்தையிலே பையன் மட்டையின் மேற்புறத்தை அழித்துக் கிணற்றுக்கு அருகே ஒரு குடம் வரைந்துகொண்டிருந்தான்.

நேயர்களே, இந்த ஆட்டத்தைக் கடையில் தேடவேண்டாம். ஒரு மட்டைத் துண்டும், 40 புளியங்கொட்டையும், ஒரு பிடி வெள்ளைக் கல்லும், நான்கு சோகியும் இருந்தாற் போதும். உவர்க்கணக்கை மாற்ற விரும்பினால் மாற்றிப் பாருங்கள். மழையைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஆனால் வீட்டிலே வயது முதிர்ந்தவர் ஒருவரையும் கூட அமர்த்திக்கொள்ளுங்கள். வருகின்ற சனிக்கிழமை நான் மறுபடியும் நீர்வேலிக்குப் போகிறேன். இம்முறை என் மனைவியும் வருகிறாள். குடத்துத் தண்ணீரின் கணக்கு அவளுக்குத்தான் தெரியும்.